இளைத்த சங்கிலியை வாழ்த்த மாட்டேன்

நான் என்ன பேசப்போகிறேன் என்று அறியாமல் புன்முறுவல் பூத்திருக்கும் தலைவர், இந்த ஊராட்சியின் முதல்வர் ஆவுடையப்பன் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! வாழ்த்துரை வழங்கிவிட்டு வா என்று என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, நம்பிக்கை போதாமல் அடுத்த பேருந்தில் தாமும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் பட்டறை முதலாளி அப்துல் கையூம் அவர்களே! ரெட்டியார்சத்திரத்திலிருந்தும் கன்னிவாடியிலிருந்தும் வண்டி கட்டி வந்திருக்கும் உழவர்களே! தூண்டிய விளக்கின் சுடர்போல் துணிந்து நிற்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களிலும், நாளைக் காலையில் அறுபது அடி ஆழத்தில் இறங்கவிருக்கும் ஒன்பது பேரே! மற்றவர்களுக்கு நான் சொன்னது மரியாதைக்கான வணக்கம். உங்களுக்குச் சொல்வது அவசரத்துக்கான வணக்கம்.

என் பெயர் நைனா முகமது. திண்டுக்கல்லில் பூட்டும் இரும்புப் பெட்டியும் செய்கிற பட்டறையில் வேலை. மதுரையில் மூன்றாண்டு இயந்திரத் தொழில் படித்தவன். எனக்கு அலங்காரமாகப் பேச வரும். ஆனால் அலங்காரமாகப் பொய் சொல்ல வராது.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? பன்னிரண்டு நாளைக்கு முன்னால் பொதுக்கிணற்றை ஆழப்படுத்தும்போது, கல் நிரம்பிய தொட்டியை மேலே இழுத்த சங்கிலி அறுந்தது. தொட்டி விழுந்தது. கீழே நின்ற சண்முகவள்ளியின் வலது கால் நொறுங்கியது. அந்த அம்மாள் திண்டுக்கல் மருத்துவமனையில் படுத்திருக்கிறார். சங்கிலியை இழுத்த மாட்டை ஓட்டிய செபஸ்தியான்தான் குற்றவாளி என்று ஊர் முடிவு கட்டியது. கிணற்றுக் கரையில் அவர் கால் வைக்கக்கூடாது என்று தடையும் போட்டது. நாளை அதே சங்கிலியை ஒட்டி, அதே தொட்டியைக் கட்டி, அதே ஆழத்தில் ஆள் இறக்க ஏற்பாடு. ஒட்டுவதற்கு ஒரு புது வளையம் எங்கள் பட்டறையில் அடித்தோம். அதைக் கொண்டுவந்து பூட்டிவிட்டு, சங்கிலியைத் தந்த தலைவரையும் சங்கிலியையும் வாழ்த்தி நான்கு வார்த்தை பேச வேண்டும். அதற்குத்தான் எனக்கு இந்த மாலை.

மாலையைக் கழற்றி மேசையில் வைக்கிறேன். மன்னியுங்கள், கழுத்து அரிக்கிறது.

வாழ்த்துவதா? எதை வாழ்த்துவது? அறுந்ததை வாழ்த்துவதா, அறுத்ததை வாழ்த்துவதா? நொறுங்கிய காலை மறந்துவிட்டு, அறுந்த சங்கிலிக்கு ஆரத்தி எடுப்பதா?

இதோ, அறுந்த வளையம். முன்வரிசைக்குக் கொடுக்கிறேன், ஒவ்வொருவராகப் பார்த்துப் பின்னால் அனுப்புங்கள். கால் அங்குலக் கம்பியில் வளைத்தது. அறுந்த இடத்தைப் பாருங்கள். முள்ளங்கியை உடைத்தது போலத் தட்டையாக இருக்கிறதா? இல்லை. இரண்டு பக்கமும் இடுப்பு போலச் சிறுத்து, பருமன் பாதியளவுக்குக் குறைந்து, பிறகு அறுந்திருக்கிறது. ஒரு முனையில் கிண்ணம் போலக் குழி. மறுமுனையில் அந்தக் குழியில் உட்காரும் மேடு. இது ஒரு நொடியில் ஒடிந்த இரும்பு அல்ல ஐயா! நீண்டு, நீண்டு, இளைத்து, இளைத்து, இனி முடியாது என்று கை விட்ட இரும்பு.

"இரும்பு இளைக்குமாலே?" என்று கேட்கிறார் அங்கே ஒரு பெரியவர். கேளுங்கள், கேட்டால்தான் எனக்கும் பேச்சு வரும். சேதுபதி அண்ணே, நீங்கள் மேடைக்கு வாருங்கள். பீர் முகமது, நீயும் வா. இது பட்டறையில் பற்றவைக்கிற ஈயக் கம்பி. ஆளுக்கொரு முனையைக் குச்சியில் சுற்றிப் பிடியுங்கள். இழுங்கள். மெதுவாக அண்ணே, அது உங்கள் காளை இல்லை! பார்க்கிறீர்களா? முதலில் கம்பி முழுக்கச் சமமாக நீளுகிறது. இன்னும் இழுங்கள். இப்போது? ஒரே ஓர் இடத்தில் மட்டும் மெலிகிறது. இனி எவ்வளவு இழுத்தாலும் மற்ற இடம் அசையாது. அந்த ஓர் இடம்தான் எல்லாவற்றையும் சுமக்கும். மெலிந்த இடமே மேலும் மெலியும். மெலிந்ததால் பாரம் அங்கே குவியும்; குவிந்ததால் மேலும் மெலியும். அறுந்தது. சேதுபதி அண்ணே, எழுந்திருங்கள், அடி படவில்லையே?

சிரியுங்கள். சிரித்து முடித்ததும் நான் சொல்வதைக் கேளுங்கள்.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் சங்கிலியைக் கழற்றிக் கோயில் தளக்கல்லில் நீட்டி வைத்துப் பூசை செய்கிறீர்கள். முனை எங்கே முடிகிறதோ அங்கே மஞ்சளால் ஒரு கோடு. முதல் வெள்ளி ஒரு கோடு. அடுத்த வெள்ளி நீட்டினால், சங்கிலி கோட்டைத் தாண்டுகிறது! "ஆத்தா, சங்கிலி வளருது! சங்கிலி வளர்ந்தா தண்ணி வளரும்!" என்று குலவை போட்டீர்கள். தேங்காய் உடைத்தீர்கள். தலைவர் தந்த சங்கிலி, ஆகவே தானாக வளர்கிற சங்கிலி என்று ஊரெல்லாம் பெருமை. சங்கிலி வளர்கிறதே, இன்னும் தாங்குமே என்று வாரத்துக்கு ஒரு கூடை கல்லைத் தொட்டியில் கூட்டினீர்கள். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டுமல்லவா?

நேற்று நான் போய்த் தளக்கல்லைப் பார்த்தேன். ஏழு கோடுகள். என் கல்லூரியில் இரும்பை இழுத்துச் சோதிக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு நீண்டது என்று காகிதத்தில் கோடு போடும். அந்த இயந்திரத்துக்கு வேலையே இல்லை! நீங்கள் மஞ்சளில் போட்டுவிட்டீர்கள்! முதல் கோட்டுக்கும் இரண்டாவதற்கும் இடையே ஒரு விரல்கடை. அடுத்தும் ஒன்று. பிறகு இரண்டு, இரண்டு, மூன்று. கடைசி வாரம்? ஐந்து விரல்கடை! இரும்பு கத்தியிருக்கிறது. காது கொடுக்க ஆளில்லை.

சங்கிலி வளராது. செடி வளரும், அதற்கு வேர் உண்டு, எரு உண்டு. இரும்புக்கு எங்கிருந்து வரும் கூடுதல் சதை? நீளம் கூடினால் அந்த நீளம் பருமனிலிருந்துதான் வந்தாக வேண்டும். நீங்கள் வளர்ச்சி என்றது மெலிவு. நீங்கள் குலவை போட்டது அதன் இளைப்புக்கு.

"அடுத்த வாரமும் தாங்குச்சே! ஒரு கூடை கூடவும் தாங்குச்சே!" என்கிறீர்கள். தாங்கும். அதுதான் இரும்பின் வஞ்சகம் என்பேன். இல்லை, அதுதான் இரும்பின் விசுவாசம். சின்னப் பாரத்துக்கு நீண்டால், பாரத்தை எடுத்ததும் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். ஓர் எல்லை தாண்டினால் திரும்பாது. ஆனால் நீண்டபின் இறுகும். இறுகி, நேற்றைவிட அதிகம் தாங்கும். நீங்கள் அதைப் பார்த்து மகிழ்ந்து இன்னும் ஒரு கூடை போடுவீர்கள். அது இன்னும் நீளும், இன்னும் இறுகும். இறுகுவதற்கும் ஒரு கடைசி உண்டு. அந்தக் கடைசியைத் தாண்டினால் இறுக்கம் தோற்கும், இளைப்பு ஜெயிக்கும். பிறகு ஒரு கூடையும் வேண்டாம், மாடு ஒரு கல்லில் கால் இடறினால் போதும்.

இன்னொன்று. இந்த வளையத்தில் காய்ந்த சந்தனம் இருந்தது. நகத்தால் சுரண்டினேன். அடுக்கடுக்காகப் பெயர்ந்தது. மேல் அடுக்கு கடைசி வெள்ளிக்கிழமையுடையது. அதற்குக் கீழே இன்னொன்று. அடியில் துரு. சந்தனம் எங்கே அதிகம்? சிறுத்த இடத்தில்! இளைத்த இடுப்பின் பள்ளத்தில் உங்கள் விரல்களே சந்தனத்தை நிரப்பிச் சமமாக்கியிருக்கின்றன. பார்வைக்குச் சங்கிலி முழுசாகத் தெரிந்தது. பக்தியைக் குறை சொல்லவில்லை தாயே! நீங்கள் அன்போடு பூசினீர்கள். அந்த அன்பு ஆபத்தை மூடிவிட்டது.

ஆகவே, செபஸ்தியான் சாட்டையைச் சொடுக்கினார், மாடு துள்ளியது, சங்கிலி அறுந்தது என்பது உங்கள் தீர்ப்பு. மாடு துள்ளியிருக்கலாம். துள்ளாத மாட்டை எந்தச் சந்தையில் வாங்குகிறீர்கள்? ஒரு துள்ளலுக்கு அறும் நிலைக்கு அந்தச் சங்கிலியை ஏழு வாரமாகக் கொண்டுவந்தது யார்? துருவும் சந்தனமும் சேர்ந்து சாட்சி சொல்கின்றன: அந்த இடுப்பு செபஸ்தியானின் சாட்டைக்கு முன்பே இளைத்துப்போனது! அந்தக் குற்றம் அவருடையதல்ல. கூடை கூட்டிய ஒவ்வொரு கையினுடையது. மேடையில் இருக்கும் கைகளும் அதில் உண்டு.

தலைவர் எழுந்திருக்கிறார். "தம்பி, உன்னைய வாழ்த்தத்தான் கூப்பிட்டோம், வழக்காட இல்ல" என்கிறார். உட்காருங்கள் ஐயா, நான் இன்னும் என்னையே குற்றம் சாட்டவில்லை.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை நான் இந்த ஊருக்கு வந்திருந்தேன், ஒரு பூட்டைப் பழுது பார்க்க. கோயில் வாசலில் சங்கிலி நீண்டு கிடந்தது. கோடுகளைப் பார்த்தேன். எனக்குப் புரிந்தது. பருமன் அளக்கும் காலிப்பர் என் பையில் இருந்தது. ஒரு அம்மாள், "தொடாதீங்க தம்பி, பூசை நடக்குது" என்றார். நானும், எல்லாரும் சிரிப்பார்களே, படித்த திமிர் என்பார்களே என்று எண்ணிப் பையை மூடிக்கொண்டு பேருந்துக்குப் போய்விட்டேன். இரண்டு வாரத்தில் சண்முகவள்ளியின் கால் நொறுங்கியது. படித்தவன் பேசாதிருந்தால் அவன் படிப்பும் அந்தப் பாரத்தில் ஒரு கூடைதான். நான் போட்ட கூடை அது. அதனால்தான் இன்று யார் சிரித்தாலும் எனக்குக் கவலையில்லை.

முதலாளி கையைக் காட்டுகிறார். "ஏலே நைனா! சொன்னத மட்டும் பேசுலே! பட்டறைப் பேரு என்னாவது?" என்கிறார். மாமு, பட்டறைப் பெயரைக் காப்பாற்றத்தான் பேசுகிறேன்! நம் பட்டறையில் அடித்த வளையம் நல்ல வளையம், உறுதியான வளையம். ஆனால் அதற்கு மேலும் கீழும் இருக்கிற வளையங்கள்? நேற்று முந்நூற்று இருபது வளையங்களையும் அளந்தேன். பதினொன்று இடுப்புச் சிறுத்துவிட்டன! ஒரு புது வளையத்தைப் பூட்டினால் அறுதல் நிற்குமா? பக்கத்து வளையத்தில் அறும். நாளைக்கு அறும், இல்லையென்றால் மறுநாள் அறும். அப்போது இன்னொரு செபஸ்தியானைத் தேடுவீர்கள்.

ஆகவே இந்த மேடையில் நின்று சொல்கிறேன். இந்த வளையத்தை நான் பூட்ட மாட்டேன். வேறு ஒருவர் பூட்டுவதற்கும் தர மாட்டேன். வேலையை விட்டு நிறுத்தினால் நிறுத்துங்கள். வடமதுரையில் ஒரு தோல் மண்டியில் இயந்திரம் பார்க்க ஆள் தேடுகிறார்களாம். தோல் நாற்றம் தாங்கிக்கொள்வேன், கிணற்றடியில் பிண வாடை தாங்க மாட்டேன்!

கைதட்டாதீர்கள். கைதட்டிவிட்டு நாளைக்கு இறங்கிவிடுவீர்கள்.

அங்கே எழுந்து நிற்பது யார்? மாயம்மாள்தானே, ஒன்பது பேருக்கும் மேஸ்திரி? சத்தமாகக் கேளுங்கள் அம்மா. "தம்பி, சுத்தி வளைக்காமச் சொல்லு. இந்தச் சங்கிலியில ஒங்கம்மாவ எறக்குவியா?" என்று கேட்கிறார். கேட்டீர்களா, அனைவரும் கேட்டீர்களா? என் தாயார் காதர் பீவி. அவரை இறக்க மாட்டேன். என் எதிரியின் தாயையும் இறக்க மாட்டேன். மாடு கழுவும் வாளியைக்கூட இதில் கட்டி இறக்க மாட்டேன்!

"அப்ப நாங்க எறங்குனா எங்க ஆத்தா எங்களப் பெத்ததே தண்டம்" என்கிறார் மாயம்மாள். ஒன்பது பேரும் எழுந்து நிற்கிறார்கள். தலைவர் அவர்களே, இந்த ஒன்பது பேரைவிடப் பெரிய தீர்மானம் உங்கள் பதிவேட்டில் ஏறியதுண்டா?

"தண்ணிக்கு என்ன வழி? மழை வந்து கிணறு இடிஞ்சா?" என்று பின்னாலிருந்து ஒருவர். நியாயமான கேள்வி. ஒளிக்காமல் சொல்கிறேன்: புதுச் சங்கிலி அடிக்கப் பதினைந்து நாள் ஆகும். பதினைந்து நாளும் நீங்கள் கன்னிவாடி வாய்க்காலிலிருந்து குடம் சுமக்க வேண்டும். கால் வலிக்கும். ஆனால் கால் இருக்கும். புதுச் சங்கிலியை முதலில் ஆளில்லாத கிணற்றில், இரண்டு மடங்கு கல்லைக் கட்டித் தொங்கவிடுவோம். கல்லை அவிழ்த்த பின் அளப்போம். முன்பிருந்த நீளத்துக்குத் திரும்பினால் ஆள் இறங்கலாம். ஒரு விரல்கடை கூடியிருந்தாலும், குலவை வேண்டாம், தேங்காய் வேண்டாம். எடுத்துத் தூரப் போடுங்கள். வெள்ளிக்கிழமை பூசை நடக்கட்டும், சந்தனமும் பூசுங்கள். பூசுமுன் ஒவ்வொரு வளையத்தையும் துடைத்து, காலிப்பரால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பூசுங்கள். அந்தக் காலிப்பரை நான் மாயம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். எப்படிப் பிடிப்பது என்று கூட்டம் முடிந்ததும் செத்த நேரத்தில் காட்டிவிடுவேன்.

மாயம்மாள் இன்னும் உட்காரவில்லை. என்ன அம்மா? "சோதிக்கிற அன்னைக்கு மாட்ட ஓட்டுறது செபஸ்தியானா இருக்கணும். இல்லாட்டி நாங்க அப்பவும் எறங்க மாட்டோம்."

தலைவர் துண்டால் முகம் துடைக்கிறார். மாமு அப்துல் கையூம் எழுந்து நிற்கிறார். என்ன, திட்டவா? "சங்கிலிய நம்ம பட்டறையே அடிக்கும். இவன் அளந்து குடுத்தாத்தான் வெளிய அனுப்புவேன்" என்கிறார். இதற்குக் கைதட்டுங்கள், இதற்குத் தாராளமாகத் தட்டுங்கள்!

அதோ, புளியமரத்துக்குக் கீழே வரிசைக்கு வெளியே நிற்கிறார் செபஸ்தியான். பன்னிரண்டு நாளாக இந்த ஊரில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. தலைவர் அவர்களே, தடையைப் போட்டது நீங்கள், எடுப்பதும் நீங்களாக இருந்தால் அழகு. எடுக்காவிட்டாலும் பாதகமில்லை, கூட்டம் எழுந்து வழிவிடத் தொடங்கிவிட்டது. வழிவிடுங்கள். வாருங்கள் அண்ணே, முன்னால் வந்து உட்காருங்கள். என் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

எழுந்து நின்று கேட்ட ஒன்பது பேருக்கும், இடையில் குறுக்கிட்டு என் பேச்சைக் கூர் தீட்டிய அத்தனை பேருக்கும், கோபத்தை அடக்கிக்கொண்டு என்னை முடிக்கவிட்ட தலைவருக்கும் என் நன்றி. மருத்துவமனைக் கட்டிலில் இருக்கும் சண்முகவள்ளிக்கு நாளைக் காலையில் நானே போய் இந்தச் செய்தியைச் சொல்லி மன்னிப்புக் கேட்பேன். அனைவருக்கும் வணக்கம், வருகிறேன்.