சிவப்பு பூசிய இடங்கள்

– ஃபேனை நிறுத்திட்டு வா. ஆறாங்கிளாஸ் பேப்பர் மொத்தமும் பறந்து அலமாரிக்கு அடியில போயிடுச்சு.

– வேர்த்து ஊத்துதுங்க, நிறுத்த மாட்டேன். மாத்திரை டப்பா நாலு இருக்கு, எடுத்து மேல வைங்க. எனக்கு ஆஸ்பத்திரி லீவே ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான். அதுலயும் உங்க ஸ்கூல் பேப்பரை எண்ணிட்டு உக்காந்திருக்கேன்.

– நர்ஸம்மா கை பட்டா எண்ணிக்கை தப்பாதுன்னுதானே கூப்பிட்டேன். சரியா, தப்பா?

– ஐஸ் வைக்காதீங்க வாத்தியாரே. இது என்ன படம், எதுக்கு சிவப்பும் பச்சையும் அடிச்சிருக்குதுங்க? எண்ணச் சொன்னீங்க, எண்ணுறேன். ஒண்ணும் புரியல.

– அதாகப்பட்டது, ஆறாவதுல ஒரு பிள்ளையை மாடிப்படியில தள்ளிவிட்டு கை முறிஞ்சுதுன்னு சொன்னேன்ல? யார் தள்ளினாங்கன்னு அந்தப் பிள்ளை கடைசி வரைக்கும் வாயே திறக்கல. அதுக்கப்புறம் பெரிய டீச்சர் எங்களையெல்லாம் கூப்பிட்டு, "யாருன்னு கேட்டா பிள்ளைங்க சொல்லாது, எங்கன்னு கேப்போம்"னாங்க. ஸ்கூல் வரைபடத்தை ஆளுக்கு ஒண்ணு செவ்வாய்க்கிழமை காலையில குடுத்தோம். பயமா இருக்கிற இடத்துல சிவப்பு, நிம்மதியா இருக்கிற இடத்துல பச்சை. பேர் எழுத வேணாம்.

– நல்ல யோசனையா இருக்கே. பச்சை எங்க அதிகம்?

– லைப்ரரி. அப்புறம் இதைப் பாரேன், கேட்டுகிட்ட வாட்ச்மேன் உக்கார்ற ஸ்டூலைச் சுத்தி ஒரே பச்சை.

– அவரு அப்படி என்ன பண்றாரு?

– ஒண்ணும் பண்றதில்ல. ரேடியோ கேட்டுட்டு உக்காந்திருப்பாரு. யாரு பக்கத்துல வந்து நின்னாலும் எதுக்கு வந்தேன்னு கேக்க மாட்டாரு.

– பாவம், அதுவே போதும்போல அதுங்களுக்கு.

– சிவப்புல முதல் இடம் மாடிப்படி திரும்புற மூலை. அடுத்தது பொண்ணுங்க டாய்லெட். ஒருத்தி எழுதியே வச்சிருக்கா. "தாழ்ப்பாள் இல்லை. வெளியே நின்று கதவைத் தள்ளுவார்கள். அதனால் நான் தண்ணீர் குடிப்பதில்லை."

– ஐயோ சாமி! இதுக்குத்தானா? எங்ககிட்ட வருதுங்க, நீர்க்கடுப்புன்னு. "ஏன் கண்ணு தண்ணியே குடிக்கிறதில்லையா?"ம்பேன், தலையைக் குனிஞ்சுக்கும். அதுக்கு மேல நானும் கேட்டதில்ல. மருந்தைக் குடுத்து அனுப்பிடுவேன்.

– நாளைக்கே தாழ்ப்பாள் போட்டுடலாம். பத்து நிமிஷ வேலை. இத்தனை வருஷமா ஒருத்தருக்கும் தெரியல பாரு. சரி, அடுத்த கட்டை எடு. ஏழு பி. நம்ம பசங்க! நீ சிவப்பை மட்டும் சொல்லு, நான் கோடு போட்டுட்டு வர்றேன்.

– படிக்கட்டு. படிக்கட்டு, டாய்லெட். தண்ணிக் குழாய். படிக்கட்டு...

– ம், அடுத்தது?

– கொஞ்சம் பொறுங்க.

– என்ன, என் கண்ணாடி வேணுமா?

– இல்லங்க. சைக்கிள் ஸ்டாண்டு. படிக்கட்டு.

– நடுவுல ஒண்ணை விட்டுட்ட. ஒரு பேப்பரை மடியில வச்ச, பார்த்தேன்.

– அது சரியா தெரியல, அப்புறம் பாத்துக்கலாம். டீ போடட்டா?

– இப்பத்தான் குடிச்சோம். இதோ, இன்னொண்ணும் மடிக்குப் போகுது. நர்ஸம்மா, நோயாளி கண்ணுல படாம ரிப்போர்ட்டை ஒளிக்கிற மாதிரி இருக்கு உன் வேலை. குடு இங்க.

– எதுக்குங்க, எல்லாத்தையும் எண்ணிட்டு மொத்தமா...

– குடுன்னா குடு.

– இந்தாங்க. கோவப்படாம பாருங்க.

– இது மேல் மாடி. கடைசி ரூம். இங்க கணக்கு பீரியடு மட்டும்தான் நடக்கும்.

– ஆமா.

– என் ரூம்.

– ஆமாங்க.

– எத்தனை பேரு?

– மீதிக் கட்டையும் புரட்டிட்டேன், பதினொண்ணு. ஒண்ணுல ஓரத்துல ஏதோ எழுதியும் இருக்கு.

– நீயே படி. எனக்கு எழுத்து ஆடுது.

– "சார் சிரித்தால் நாங்களும் சிரிக்க வேண்டும்."

– என்னடி இது? நான் பிரம்பைத் தொட்டு இருபத்திரெண்டு வருஷமாச்சு. ஒரு பிள்ளையை வெளியில நிக்க வச்சதில்ல. மத்த கிளாஸ்ல பெல் எப்ப அடிக்கும்னு உக்காந்திருக்கும், என் கிளாஸ்ல பெல் அடிச்சாலும் எழுந்திருக்காதுங்க. அடுத்த ரூம் டீச்சர் வந்து, "கணக்கு நடத்துறீங்களா, கூத்து நடத்துறீங்களா"ன்னு கேப்பாங்க. அவ்வளவு சிரிப்பு!

– யாரைப் பாத்துச் சிரிப்பாங்க?

– யாரையாவது. எல்லாருக்கும் ஒரு பேரு வச்சிருக்கேன்ல. கேள்வி முடியறதுக்குள்ள கை தூக்குறவன் ‘அவசரம்’. கொட்டாவி விட்டுட்டே இருக்கிறவன் ‘தலகாணி’. குண்டா ஒருத்தன், ‘கடலை மூட்டை’. அப்புறம் ‘ஒட்டடைக்குச்சி’. பேரு வச்சாத்தான் பிள்ளைங்க ஒட்டும், தெரியுமா?

– ஒட்டடைக்குச்சி யாரு?

– உசரமா ஒரு பொண்ணு. வருஷ ஆரம்பத்துல வந்து சேர்ந்தா. போர்டு உச்சியில இருக்கிறதை அழிக்கச் சொன்னேன், நாற்காலி போடாம நின்ன இடத்துல நின்னு அழிச்சுட்டா. "வாம்மா ஒட்டடைக்குச்சி, போற போக்குல ஃபேனையும் துடைச்சுட்டுப் போ"ன்னேன். கிளாஸே அதிர்ந்துபோச்சு. அவளும்தான் சிரிச்சா.

– சிரிச்சாளா, பல்லைக் காட்டினாளா?

– ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

– வாத்தியாரே, எனக்கு ஊசி போட்டுக்க வர்ற பிள்ளைங்களைத் தெரியும். வலிக்கலைன்னு காட்டிக்க அதுங்க ஒரு சிரிப்பு சிரிக்கும். அது வேற. சரி, நீங்க ரூமை விட்டுப் போனப்புறம் அவளை என்ன பண்ணாங்க?

– எனக்கென்ன தெரியும்?

– யோசிச்சுப் பாருங்க.

– ஒரு நாள் அவ இடத்துல அழுக்குத் துணி ஒண்ணு கிடந்தது. யாரோ வேணும்னே வச்சிருக்காங்க. நான் அதை எடுத்து வெளியில போட்டுட்டுப் பாடம் நடத்தினேன். இன்னொரு நாள் அவ பைக்குள்ள ஒட்டடையைச் சுருட்டி... பையை உதறிட்டு இருந்தா. பசங்க குறும்புன்னு நினைச்சேன். முன்னாடி நேரா நிப்பா. இப்பல்லாம் கூனிக்கிட்டுத்தான் வர்றா.

– இன்னும் ரெண்டு வருஷத்துல முதுகு வலின்னு எங்ககிட்ட வருவா.

– அப்படிச் சொல்லாதே.

– சொல்லல. வாயில வந்துடுச்சு.

– ஆனா ஒண்ணு. இதுல பதினொரு பேரு எப்படி? அவளுக்குத்தானே கோவம்? அதாகப்பட்டது, அவதான் தன் கூட்டத்தைச் சேர்த்து எல்லாரையும் ஒரே இடத்துல சிவப்பு அடிக்கச் சொல்லியிருக்கா. ஒரு பொண்ணு கிளாஸையே எனக்கு எதிரா கிளப்பி விட்டிருக்கா. சரியா, தப்பா?

– இங்க பாருங்க. கிளப்பி விட்டதாவே வச்சுக்கோங்க. அவ சொன்னது பொய்யா?

– பொய் இல்ல.

– அப்ப எத்தனை பேரைச் சேர்த்தா நமக்கென்ன? நான் ஒண்ணு கேக்குறேன், மனசுல வச்சுக்காதீங்க. எனக்கு நீங்க வச்ச பேரு ஞாபகம் இருக்கா?

– ‘தீப்பெட்டி.’ குட்டியா இருப்ப, உரசினா பத்திக்குவ. உனக்குத்தான் அந்தப் பேரு ரொம்பப் பிடிக்குமே!

– பிடிக்கும். இப்பவும் பிடிக்கும். ஆனா ஒரு தடவை உங்க ஸ்டாஃப் ரூமுக்கு வந்தேன் பாருங்க, கல்யாணமான புதுசுல. உங்க சிநேகிதர் ஒருத்தர், "வாங்க தீப்பெட்டி, உக்காருங்க"ன்னாரு. எட்டு பேரு சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க. அதுக்கப்புறம் நான் அங்க வந்திருக்கேனா?

– ஆஸ்பத்திரியில வேலை இருக்குன்னு சொல்லுவியே.

– வேலைதான். பதினாறு வருஷமா.

– ஏன்டி சொல்லல?

– நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. எப்படிச் சொல்றது? நம்ம வீட்டுக்குள்ள நீங்க கூப்பிட்டா கொஞ்சுற மாதிரி இருக்கும். அதே பேரு ஊரார் வாயில வந்தப்ப நான் குட்டைங்கிறது மட்டும்தான் மிச்சம் நின்னுது. அவ்வளவுதாங்க. முகத்தைத் தொங்கப் போடாதீங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க.

– பெரிய டீச்சர்கிட்ட குடுக்கிற எண்ணிக்கையில இந்தப் பதினொண்ணையும் போடணும்ல?

– என்னைக் கேக்குறீங்களா?

– இல்ல. சும்மா சத்தமா யோசிச்சேன். போடுறேன். அந்தப் பொண்ணுகிட்ட என்னன்னு பேசுறது? ஒரு ஜோக்கோட ஆரம்பிச்சா கொஞ்சம்...

– ஜோக்கே வேணாம். நான் ஊசி போடும்போது வலிக்காதுன்னு சொல்ல மாட்டேன். "வலிக்கும், சீக்கிரம் முடிச்சுடுறேன்"னு சொல்லிட்டுத்தான் போடுவேன். அந்த மாதிரி பேசுங்க. முதல்ல அவகிட்ட தனியா. அப்புறம் அவ சரின்னா மட்டும் கிளாஸ்ல. திரும்பவும் அவளைக் கேக்காம எல்லாருக்கும் நடுவுல நிக்க வச்சிடாதீங்க.

– எல்லாருக்கும் முன்னாடியும் சொல்லணுமா?

– பேரு எல்லாருக்கும் முன்னாடிதானே வச்சீங்க?

*

– என்னங்க, செருப்பைக் கூடக் கழட்டாம உக்காந்துட்டீங்க? இன்னும் கால் மணி நேரத்துல எனக்கு டியூட்டிக்கு பஸ். காலையிலேர்ந்து உங்க நினைப்புதான், சீக்கிரம் சொல்லுங்க.

– தாழ்ப்பாள் போட்டாச்சு. ஆறு கதவுக்கும். இடைவேளையில படிக்கட்டு மூலையில ஆளுக்கு ஒரு நாள் நிக்கணும்னு முறை போட்டிருக்காங்க. இன்னிக்கு முதல் நாள், நான்தான் நின்னேன்.

– பெரிய டீச்சர் என்ன சொன்னாங்க, உங்க ரூமைப் பத்தி?

– பதினொண்ணையும் காட்டினேன். ஒவ்வொண்ணா வாங்கிப் பார்த்தாங்க. அப்புறம், "என் ரூமுக்கு வெளியில எத்தனை சிவப்புன்னு எண்ணினீங்களா சார்? நான் எண்ணிட்டேன், பதினாலு"ன்னாங்க.

– நல்ல மனுஷிங்க அவங்க. அந்தப் பொண்ணு?

– மத்தியானம் லைப்ரரியில பார்த்தேன். லைப்ரரி டீச்சரும் கூட இருந்தாங்க. கேளு, காலையில அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். எதுக்குத் தெரியுமா? அவ நிஜப் பேரு எனக்கு ஞாபகம் வரல.

– ஐயோ சாமி.

– பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் யாரையோ கூப்பிடுறேன்னு பின்னாடி திரும்பிப் பார்த்தாடி. "நான் உனக்கு வச்ச பேரு தப்பும்மா. பைக்குள்ள ஒட்டடை கிடந்தப்ப பாத்துட்டு சும்மா இருந்தேன், அது அதைவிடப் பெரிய தப்பு"ன்னேன். தரையையே பாத்துட்டு நின்னா. "கிளாஸ்ல இதைச் சொல்லட்டுமா, வேணாமா? நீ சொல்றதுதான்"னேன்.

– என்ன சொன்னா?

– "சொல்லுங்க சார். ஆனா என்னை எழுந்திருக்கச் சொல்லாதீங்க"ன்னா.

– கெட்டிக்காரி. சொன்னீங்களா?

– சொன்னேன். ஒரு ஜோக் இல்லாம. நாக்கு நுனியில ரெண்டு வந்து நின்னுது, முழுங்கிட்டேன். திடீர்னு ‘அவசரம்’ கை தூக்கினான்.

– அவனா?

– "சார், என் பேரையும் எடுத்துடுவீங்களா?"ன்னான். அவன் அந்தப் பேருக்கு ராஜா மாதிரி நடப்பான்டி! இவன் கேட்டதும் ‘தலகாணி’ எழுந்தான். அவங்கம்மாவுக்கு விடியற்காலையில வேலையாம். தங்கச்சிப் பாப்பாவை எழுப்பி, குளிப்பாட்டி, விட்டுட்டு வர்றது இவன்தானாம். கொட்டாவிக்கு நான் காரணமே கேட்டதில்ல.

– நானும் தண்ணி ஏன் குடிக்கலைன்னு கேட்டதில்லையே. விடுங்க. கடலை மூட்டை?

– அவன் மட்டும், "எனக்கு ‘கடலை’ இருக்கட்டும் சார், மூட்டையை எடுத்துடுங்க"ன்னான்.

– கடங்காரன்!

– சிரிக்கலாமா கூடாதான்னு தெரியாம எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்தாங்க. அப்ப அந்தப் பொண்ணு சிரிச்சா. அவ சிரிச்சப்புறம்தான் நான் சிரிச்சேன்.

– பல்லைக் காட்டினாளா?

– இல்லடி. சிரிச்சா. இப்ப எனக்கு வித்தியாசம் தெரியுது.

– அப்புறம் ஏங்க இப்படி உக்காந்திருக்கீங்க? எல்லாம் நல்லாத்தானே முடிஞ்சிருக்கு? என் பஸ் போனாலும் பரவாயில்ல, சொல்லுங்க.

– பெல் அடிச்சப்புறம் அவ மட்டும் நின்னா. எனக்கு மனசுல இருந்ததைச் சொல்லிடணும்னு தோணுச்சு. "நீயும் உன் சிநேகிதிங்களும் சேர்ந்து அந்தப் படத்துல என் ரூமுக்கு சிவப்பு அடிச்சீங்களே, அதுக்கு நன்றிம்மா. இல்லைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது"ன்னேன்.

– அதுக்கு?

– "எனக்கு சிநேகிதின்னு யாரும் இல்ல சார். எந்தப் படம்?"னா. படம் குடுத்தது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைன்னா ரெண்டு பீரியடு கணக்கு. வயித்துவலின்னு சொல்லி அன்னிக்கு மட்டும் ஸ்கூலுக்கே வர்றதில்லையாம்.

– அப்ப அந்தப் பதினொண்ணுல அவளோடது...

– ஒண்ணுகூட இல்ல. பதினொண்ணும், அவளைப் பாத்து என்கூடச் சிரிச்ச பிள்ளைங்க அடிச்சது.