எப்போதும் பகல் என்று நம்பிய விளக்கு

இந்த அறையின் குழல்விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறதே, கவனித்தீர்களா ஐயா? ஸ்டார்ட்டரை மாற்றினால் சரியாகிவிடும். நாளெல்லாம் இதன் கீழே உட்கார்ந்து எழுதினால் தலைவலி வராமல் என்ன செய்யும்? தப்பாக நினைக்காதீர்கள். விளக்கு சரியில்லை என்றால் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. அதுதான் என் தொழில்.

ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, பழுதான வண்டிகளை இழுத்துப்போகும் லாரி, இவற்றின் கூரைமேல் மின்னி மின்னி எரிகிற எல்.இ.டி. விளக்கைப் பொருத்துவது எங்கள் பணிமனை. விளக்குப் பிரிவுக்கு நான் பொறுப்பு. புதிதாக வாங்குவதற்கு முன் மாதிரிகளை வரவழைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது நல்லது என்று சொல்ல வேண்டும்.

வெளிச்சம் கூடக்கூட நல்லது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பகலில் அது சரி. வெயிலோடு போட்டி போட வேண்டும், அள்ளிக் கொட்டலாம். பொழுது சாய்ந்த பிறகு அதே வெளிச்சம் எதிரே வருகிறவன் கண்ணைக் கூசவைக்கும். அவனுக்கு வண்டி தெரியும், வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியமாட்டான். ஒளிரும் பட்டை வைத்த சட்டை போட்டிருந்தாலும் அதே கதைதான். மழையில் சாலை நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆம்புலன்ஸ்களுக்குப் புது விளக்கு வாங்க வேண்டியிருந்தபோது, ஒப்பீட்டை நடுப்பகலில் வைத்தார்கள். மேலாளருக்கு அதுதான் வசதி. முற்றத்தில் இரண்டு ஆம்புலன்ஸ்களை நிறுத்தி, ஒன்றின்மேல் நான் தேர்ந்தெடுத்த விளக்கையும் மற்றதன்மேல் புது மாடல் ஒன்றையும் எரியவிட்டோம். ஓட்டுநர்கள் எல்லோரும் நேர் எதிரே, கல்யாணப் படத்துக்கு நிற்பதுபோல் வரிசை கட்டி நின்றார்கள். பக்கவாட்டில், சாலையில் ஒருவன் உண்மையாகவே நின்று வேலை செய்கிற இடத்தில், ஒருவரும் போய் நிற்கவில்லை. நான் எடுத்துச் சொன்னேன். "கொஞ்சம் இருட்டட்டும், அப்புறம் பார்க்கலாம். இருட்டுல இவ்வளவு வெளிச்சம் அடிச்சா லைட்டு தெரியும், ஆளு தெரியாது" என்றேன்.

அப்போதுதான் என் மைத்துனன் வாயைத் திறந்தான். என் மனைவியின் தம்பி. தாய் போன பிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். ஆம்புலன்ஸ் ஓட்டும் வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்.

"மாமா, உங்க லைட்டு என்ன ஜீரோ வாட்ஸ் பல்பு மாதிரி இருக்கு? பேஷன்ட் நல்லா தூங்கட்டும்னு போட்டீங்களா?"

கூட்டமே சிரித்தது. "டேய், பெரிய மனுஷனை அப்படிக் கலாய்க்காதடா" என்று சொல்லிக்கொண்டே மேலாளரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு கை தூக்கச் சொன்னார். என் விளக்குக்கு என் கை மட்டும்தான் எழுந்தது.

மறுநாளிலிருந்து எனக்குப் பெயர் ஜீரோ வாட்ஸ். கேன்டீனில், "ஜீரோ வாட்ஸ் சாருக்கு ஒரு டீ போடு" என்பார்கள். மைத்துனன் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது அக்காவிடமும் சொல்லிக் காட்டினான், என் குரலிலேயே பேசிக் காட்டினான். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். "அவன் ஏதோ விளையாட்டுக்குச் சொல்றான், நீங்க எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறீங்க?" என்றாள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு வலித்தது, அவ்வளவுதான். வலி வேறு, கோபம் வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது. சாப்பிட்டு முடித்து எழுந்துபோய்க் கையைக் கழுவினேன்.

நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் தேர்ந்தெடுத்தது மோசமான விளக்கு இல்லை. அதன் மூடிக்குக் கீழே சின்னதாக ஒரு கண் இருக்கிறது. வெளியே இருட்டினால் அது உணர்ந்து, வெளிச்சத்தைத் தானாகக் குறைத்துவிடும். அந்தக் கண் ஒழுங்காக இருக்கும்வரை என் விளக்குக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் யோசித்துப் பாருங்கள், புழுதி படியும், ஈரம் இறங்கும், என்றைக்காவது கெட்டுத்தானே போகும்? என்றைக்கோ நடக்கவிருந்ததை நான் கொஞ்சம் முன்னால் நகர்த்தினேன்.

மைத்துனனின் வண்டி பராமரிப்புக்கு வந்திருந்தது. மூடியைக் கழற்றி, அந்தக் கண்ணுக்கு எதிரே கடுகளவு பல்பு ஒன்றை ஒட்டினேன். மேலே விளக்கு எரியும்போதெல்லாம் உள்ளே அதுவும் எரியும். அந்தக் கண்ணைப் பொறுத்தவரை வெளியே எப்போதும் பகல்தான். மூடியைத் திருகி, கண்ணாடி முதல் சக்கரம் வரை துடைத்து, சாவியை அவன் கையில் கொடுத்தேன்.

"என்ன மாமா, இன்னிக்கு இப்படிப் பளபளன்னு துடைச்சிருக்கீங்க?"

"உன் வண்டியாச்சே" என்றேன்.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சொன்னால் கேட்காதவனுக்குப் பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். யாருக்காவது சின்னதாக ஒரு அடி பட்டால் போதும், எல்லோரும் என் பேச்சை நினைத்துப் பார்ப்பார்கள் என்றுதான் இருந்தேன். சில வாரம் ஒன்றும் ஆகவில்லை. சாலை காய்ந்து கிடந்தது. மழை வரட்டும் என்று பொறுமையாக இருந்தேன்.

மழை வந்தது. பொழுது சாய்கிற நேரம், நெடுஞ்சாலையில் ஒரு கார் கவிழ்ந்து கிடந்ததாம். மைத்துனன் ஆம்புலன்ஸை ஓரமாக நிறுத்தி, விளக்கை எரியவிட்டு, சாலைப் பக்கமாக இறங்கிப் பின்கதவைத் திறக்க நடந்திருக்கிறான். எதிரே காய்கறி ஏற்றிய வேன் ஒன்று வந்தது.

மருத்துவமனை நடைக்கூடத்தில் அந்த வேன் ஓட்டுநர் உங்கள் ஆட்களிடம் அழுதுகொண்டிருந்தார். "லைட்டு தெரிஞ்சுது சார். கண்ணு கூசிப்போச்சு. ஆளு தெரியவே இல்ல சார், சத்தியமா தெரியல." என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எந்திரிக்கச் சொல்லுங்க, அவனை எந்திரிக்கச் சொல்லுங்க" என்று கதறிக்கொண்டிருந்தாள். என் காது வேன் ஓட்டுநரிடம்தான் இருந்தது. முற்றத்தில் அன்றைக்கு நான் சொன்னது, ஏறக்குறைய அதே வார்த்தைகள். மறைக்கமாட்டேன், உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது. அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

இனியாவது புரியும் என்று காத்திருந்தேன். இரங்கல் கூட்டத்தில் மேலாளர் எழுந்து என்ன சொன்னார் தெரியுமா? விளக்கு இன்னும் பிரகாசமாக இருந்திருந்தால் வேன்காரன் பார்த்திருப்பானாம். அதனால் எல்லா வண்டிகளுக்கும் அதைவிடப் பெரிய மாடலாக வாங்கப்போகிறார்களாம். எல்லோரும் தலையாட்டினார்கள். வேகமாக வந்ததாக வேன் ஓட்டுநரை உள்ளே தள்ளியாயிற்று. பாவம், அந்த மனிதர் மேல் ஒரு குற்றமும் இல்லை. எனக்கு மனசே விட்டுப்போனது ஐயா. ஒரு உயிர் போயும் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை என்றால், என் மைத்துனன் செத்து என்ன பிரயோஜனம்? அதனால்தான் நானே புறப்பட்டு வந்தேன். அந்த வண்டி உங்கள் காவலில்தானே நிற்கிறது, மூடியைக் கழற்றிப் பாருங்கள். பல்பு இருக்கும். நான் ஒட்டியதுதான். அவன் சாவுக்குக் காரணம் நான்தான்.

வேறு யாராவது அடிபட்டிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டீர்கள். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அந்த வண்டியில் அவனோடு போகிற நர்ஸ் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவைத்தேன். "இருட்டினதுக்கப்புறம் ரோட்டுப் பக்கமா இறங்காதம்மா. எவ்வளவு அவசரமா இருந்தாலும் ஓரத்துப் பக்கமாவே இறங்கு" என்றேன். நல்ல பெண், அப்படியே செய்தாள், இன்றைக்கு உயிரோடு இருக்கிறாள். கூப்பிட்டு விசாரியுங்கள், சொல்வாள்.

மைத்துனனிடம் ஏன் அதைச் சொல்லவில்லை என்கிறீர்களா?

சொல்லியிருப்பேன் ஐயா. மறுபடியும் சிரித்திருப்பான்.