ஞாயிற்றுக்கிழமை அப்பா

— தலையை நிமித்தாதே. பாதியில நிமித்தினா ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிடும். அப்புறம் ஆபீஸ்ல யார் வெட்டினதுன்னு கேப்பாங்க, நீ என் கடைப் பேரைச் சொல்லுவே.

— யார் கேட்டாலும் நான் சொல்றதில்ல. விவாகரத்தாகி மூணு வருஷமாகியும் பழைய புருஷன்கிட்டயே போய் முடி வெட்டிக்கறான்னு தெரிஞ்சா சிரிப்பாங்க. முதல்ல கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— என்ன கேட்டே?

— சுருக்கமா மூணே வாக்கியத்துல சொன்னேன். மறுபடி சொல்றேன். நாட்டோட அந்தக் கோடியில ஒரு சின்ன ஊரு. அங்க குடிதண்ணியைப் பரிசோதிக்க புதுசா ஒரு நிலையம் கட்டியிருக்காங்க, என்னைத் தலைமையா போகச் சொல்றாங்க. பாப்பாவைக் கூட்டிட்டுப் போகணும்னா அவ அப்பா கையெழுத்து வேணும்னு கோர்ட்டு உத்தரவு. காகிதம் பையில இருக்கு. திங்கட்கிழமை கொடுக்கணும்.

— அஞ்சு வாக்கியம் வந்துச்சு. உன் கணக்கு தப்பி இன்னிக்குத்தான் பாக்கறேன்.

— விளையாடாதே.

— கத்திரி பிடிச்ச கை விளையாடுமா? பாரு, வலப்பக்கம் உனக்கு ஒரு சுழி இருக்கு. தெரியாதவன் வெட்டினா அந்த இடம் சேவல் கொண்டை மாதிரி நிக்கும். அங்க போனா இதை யாரு வெட்டுவா?

— அந்த ஊர்ல சலூனே இருக்காதா?

— ரெண்டு இருக்கு. ஒருத்தருக்குக் கை நடுங்குது. இன்னொருத்தர் மத்தியானத்துக்கு மேலதான் திறக்கறார், அதுவும் மனசிருந்தா.

— உனக்கு எப்படித் தெரியும்?

— யாரோ சொன்னாங்க. காதை மடக்கிப் பிடி.

— தம்பி, கடை திறந்திருக்கா?

— வாங்க சார். ஒரு அரை மணி ஆகும். மேடத்துக்கு முடியட்டும்.

— ஆகட்டும், ஆகட்டும். நான் போய்ப் பேப்பர் வாங்கிட்டு வரேன்.

— யாரு அது?

— கணக்கு வாத்தியார். தலையில இருக்கறதே நாப்பது முடி. அதுக்கு மாசம் ரெண்டு தடவை வந்து, 'ரொம்பக் குறைச்சிடாதேப்பா'ன்னு சொல்லிட்டு உக்காருவார். நல்ல மனுஷன். பாவம், வீட்ல பேச ஆள் இல்ல.

— எனக்கு அவர் கதை வேண்டாம். இதப் பாரு, ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன். அங்க போக ரெண்டு ராத்திரி ரயில்ல உக்காரணும். கையெழுத்துப் போட்டா உன் ஞாயித்துக்கிழமை போயிடும். அதை போன்ல சொல்லக்கூடாதுன்னுதான் நேர்ல வந்தேன்.

— தெரியும்.

— தெரியும்னா என்ன அர்த்தம்? ஊர்ல இருக்கற சலூன் எல்லாம் ஞாயித்துக்கிழமையிலதான் பொழைக்குது. நீ ஒருத்தன்தான் பிள்ளையோட இருக்கணும்னு அன்னிக்குக் கதவை இழுத்துச் சாத்தறே. மூணு வருஷத்துல ஒரே ஒரு ஞாயிறு தவறியிருக்கே, போன மாசம், காய்ச்சல்னு சொல்லி. அப்படிப்பட்டவன், வருஷத்துக்கு நாலு தடவைதான் பாப்பாவைப் பாக்கலாம்னு சொன்னா, 'தெரியும்'ங்கறே.

— பிடரியை நேரா வை. வேற என்ன சொல்லணும்?

— கோவப்படணும். முன்னெல்லாம் கட்டில் வாங்கறதுக்கே எப்படிக் கத்துவே.

— கட்டில் கதவுக்குள்ள நுழையாதுன்னு கத்தினேன். கடைசியில நுழையலதான்.

— அந்த ஊரு பள்ளிக்கூடம் ரொம்பச் சின்னது. உன் பொண்ணு வாய் ஓயாம பேசறவ. அங்க பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இருக்காது.

— ஒரு வகுப்புக்குப் பதினோரு பிள்ளைங்க. டீச்சர் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க. இங்க என்னடான்னா நம்பரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. போன வாரம்கூட நம்ம சில்வண்டுப் பாப்பா சொன்னா, 'அப்பா, வகுப்புல நான் முப்பத்தி ஏழு'ன்னு.

— அங்க தண்ணியில இரும்பு ஜாஸ்தி.

— அதுக்குத்தானே உன்னைக் கூப்பிடறாங்க. குடிச்சா ஆணியை நக்கின மாதிரி இருக்கு. ரெண்டாவது நாள் பழகிடுது.

— என்ன சொன்னே?

— ஆடாதேம்மா, கத்திரி.

— கத்திரியைக் கீழ வை. நீ அங்க போனியா?

— வச்சிட்டேன். பாரு, இந்தப் பக்கம் இன்னும் அரை விரல் குறைக்கணும்.

— உன்னைத்தான் கேக்கறேன். கண்ணாடியில என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.

— போனேன்.

— அந்தக் காய்ச்சல்?

— காய்ச்சல் இல்ல, ரயில். நீ பாப்பாகிட்ட மாத்திரை கொடுத்தனுப்பினே பாரு, அது அப்படியே அந்த டிராயர்ல கிடக்கு. நான் தூங்கறேன்னு சொல்லி எங்க அக்காதான் வாங்கி வச்சா. சில்வண்டு என்கிட்ட மொதல்லயே சொல்லிட்டா. அம்மாவுக்கு ஒரு கடிதாசி வந்திருக்கு, சாப்பிடறப்பகூடப் பக்கத்துல வச்சிக்கிட்டு விரலால தடவித் தடவிப் பாக்கறா, உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்கான்னு. ஊரு பேரைக்கூட ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்காமலே சொல்லிட்டா.

— எட்டு வயசுல உளவு பாக்குது. உன் பிள்ளைதான்.

— நீ அவ்வளவு ஆசையா வச்சிருக்கற ஊரு எப்படித்தான் இருக்குன்னு போய்ப் பாத்தேன். ஒரே பிளாட்பாரம். இறங்கினது நானும் ஒரு தபால் மூட்டையும். ஒரு பெரிய தெரு, அதை ஒட்டி நாலு சந்து. தண்ணித் தொட்டிக்கு அடியில உங்க பரிசோதனை நிலையம், இன்னும் பெயின்ட் வாசனை போகல. காவல்காரர் என்னைக் கான்ட்ராக்டர்னு நினைச்சு உள்ளேயே கூட்டிட்டுப் போய்க் காட்டினார். உன் மேசை ஜன்னலோரமா இருக்கு. உங்களுக்கு ஒரு வாடகை வீடும் பாத்தேன், பக்கத்துலயே. ரெண்டு ரூம், சமையலறை கொஞ்சம் இருட்டு. குழாய் மட்டும் சொட்டிக்கிட்டே இருந்துச்சு.

— இருட்டுச் சமையலறைன்னா எனக்கு ஆகாது. உனக்குத் தெரியும்.

— ஜன்னல் பெரிசு பண்ணித் தரேன்னு வீட்டுக்காரம்மா சொல்லியிருக்காங்க. குழாய்க்கு நானே வாஷர் மாத்திட்டேன்.

— வாஷர் மாத்தினியா? நான் போறேனா இல்லையான்னு தெரியாமலே?

— ரெண்டு நாள் அங்க என்ன பண்றது? கை சும்மா இருக்கல.

— டாக்டர்? பாப்பாவுக்கு மூச்சு இழுத்தா?

— நாலாவது வீடு. லேடி டாக்டர். நானே போய் மூச்சு வாங்குதுன்னு சொல்லி உக்காந்தேன். நெஞ்சுல வச்சுப் பாத்துட்டு, உங்களுக்கு ஒண்ணும் இல்ல, வீட்ல சண்டையான்னு கேட்டாங்க. கெட்டிக்காரங்க.

— எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கே.

— ரெண்டு ராத்திரி ரயில்ல யோசிச்சிக்கிட்டே போய், ரெண்டு ராத்திரி யோசிச்சிக்கிட்டே வந்தேன்ல.

— அப்ப நீயும் வந்துடேன். கை நடுங்காத சலூன்காரன் வேணும்ல அந்த ஊருக்கு.

— நானும் அதை நினைச்சேன். பொய் சொல்லல. ஒரு காலிக் கடை எதிர்ல நின்னு வாடகைகூட விசாரிச்சேன். ஆனா அக்காவுக்கு ரெண்டு முட்டியும் போயிடுச்சு. மாடியிலருந்து நான்தான் தூக்கி இறக்கறேன், நான்தான் தூக்கி ஏத்தறேன். அவ தெருமுனை வரைக்கும் வர மாட்டா, நாட்டோட அந்தக் கோடிக்கா வருவா? அது நடக்காது. விடு.

— அக்காகிட்ட சொல்லிட்டியா?

— சொன்னேன். மறுநாள், பிள்ளைக்கு ஸ்வெட்டர் பின்னணும், நூல் வாங்கிட்டு வான்னா.

— சரி, இதையெல்லாம் விடு. உனக்கு என்ன வேணும்? ஊரு, டாக்டர், குழாய், எல்லாம் சொன்னே. உனக்கு என்னன்னு நீ சொல்லவே இல்ல.

— எனக்கு வேண்டியதை நான் பத்து வருஷம் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். நினைச்சுப் பாரு. நீ ராத்திரிக் காலேஜ் போய்ப் படிக்கணும்னே. முடியாதுன்னேன். வேலையில வெளியூர்ப் பயிற்சின்னே. முடியாதுன்னேன். உன் தங்கச்சி கூட ஒரு வாரம் இருக்கணும்னே, அதுக்கும் முடியாது. என்ன கேக்கறேன்னு முழுசாக் காதுல வாங்கறதுக்கு முன்னாலயே வாயில வந்துடும். புருஷன் வேலையே அதுதான்னு நினைச்சிருந்தேன்.

— பழசு எதுக்கு இப்ப?

— கேளு. நீ போனப்புறம் வீட்ல நான் முடியாதுன்னு சொல்றதுக்கு ஆளே இல்ல. அக்கா எதுவும் கேக்க மாட்டா. ஒரு நாள் சில்வண்டு வந்து, 'அப்பா, நான் முடியை ஒட்ட வெட்டிக்கட்டுமா'ன்னா. வழக்கம்போல வாயைத் திறந்தேன். அவ மூஞ்சி அப்படியே சுருங்கிச்சு. நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லல, அதுக்குள்ள சுருங்கிடுச்சு. உன் மூஞ்சி பத்து வருஷம் அப்படித்தானே இருந்திருக்கும்னு அப்பத்தான் உறைச்சுது. வெட்டி விட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு.

— அந்த வெட்டை நான்தான் திட்டினேன்.

— திட்டினே. அதனால இந்தத் தடவை உன்னைக் கெஞ்ச விடக்கூடாதுன்னு இருந்தேன். காகிதத்தை எடு.

— முடி இன்னும் பாதிதான் வெட்டியிருக்கே.

— முடி எங்கயும் ஓடாது. மனசு மாறிடும், அதான் அவசரம். எடு. கையைத் துடைச்சிட்டேன். எங்க போடணும்? இங்கயா?

— கீழ. தகப்பன்னு போட்டிருக்கற இடத்துல. இரு, படிச்சுப் பாக்காம போடாதே.

— நீ படிச்சிருப்பே. அது போதும். ... இந்தா. தேதியும் போட்டிருக்கேன்.

— போட்டுட்டியா?

— போட்டுட்டேன். இப்பத் தலையைக் குனி, இந்தப் பக்கத்தையும் முடிச்சுடறேன். அரைத்தலையோட ரயிலேறாதே. என்னது? ஏன் அழறே? கண்ணுல முடி விழுந்துடுச்சா?

— இல்ல.

— சந்தோஷத்துல அழறியா? அந்த வேலை பிடிச்சிருக்குல்ல?

— பிடிச்சிருக்கு. இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு எனக்குன்னு வந்ததில்ல. அதான் எங்க மேலதிகாரிகிட்ட வேண்டாம்னு சொல்ல என் வாய் வரல. போறதுக்கு எனக்குத் துணிச்சலும் வரல. அந்தக் கடிதாசியை நான் ஆசையா தடவல, பயத்துல தடவினேன்.

— என்ன சொல்றே நீ?

— நீ முடியாதுன்னு சொல்லிடுவேன்னு நம்பித்தான் அவங்ககிட்ட நான் போறேன்னு சொன்னேன்.