மூன்றங்குலத் திருகாணி

இந்த மேசையின் இடப்பக்கப் பின்கால் ஆடுகிறது, சார்ஜென்ட். நீங்கள் எழுதும்போதெல்லாம் தேநீர் தளும்புவது அதனால்தான். எல்லோரும் அடியில் அட்டையை மடித்துச் செருகுவார்கள். அது நாலு நாளைக்குத்தான் தாங்கும். காலும் சட்டமும் சேரும் மூலையில் ஒரு மரை இருக்கும், அரைச் சுற்று முறுக்கினால் சரியாகிவிடும். சரி, நான் அதற்காக வரவில்லை.

ஒலிப்பதிவு ஓடுவதால் முறைப்படி சொல்லிவிடுகிறேன். பெயர் மாலகி டூலன். வயது அறுபத்து மூன்று. ட்ரம்ரோவன் சந்தைச் சதுக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். எனக்கு இரண்டு கடை தள்ளி ஜவுளிக்கடை நடத்திய அட்ராக்டா கேஹன் சென்ற ஆகஸ்டில் தன் வீட்டு மாடிப்படியில் விழுந்து இறந்தார். அது விபத்து என்று மரண விசாரணையில் முடிவானது. அந்த முடிவில் எனக்கு ஓர் ஆட்சேபம் இருக்கிறது.

முதலில் ஆகஸ்ட் விழாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் இங்கே மாற்றலாகி வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் விழா எங்கள் சதுக்கத்தில் நடந்தது. வெள்ளிக்கிழமை குதிரைச் சந்தை, சனிக்கிழமை கயிறு இழுக்கும் போட்டி, ஞாயிற்றுக்கிழமை மேடையில் இசை. மேடை என்னுடையது. அறுபத்து நான்கு பலகை, பதினாறு கால், ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். இரண்டு பேர் நாலு மணி நேரத்தில் பூட்டிவிடலாம். எந்தப் பலகை எந்தக் காலில் உட்கார வேண்டும் என்று கேட்க ஊரே என் கடைக்கு வரும். அந்த ஒரு வாரம் நான் போப்பாண்டவரைப் போல நடப்பேன் என்று என் மனைவி சொல்வாள். போப்பாண்டவருக்குக்கூட அவ்வளவு சந்தேகங்கள் வந்திருக்காது.

பிறகு சதுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கசாப்புக்கடை இருந்த இடத்தில் துருக்கிக்காரர்களின் சலூன். அஞ்சலகம் நகப்பூச்சுக் கடையானது. வங்கியைப் பூட்டிவிட்டார்கள். ஊரின் பாரம் கீழே ஆற்றங்கரைப் பக்கம் சாய்ந்தது. அங்கே கிளீனா மக்ஹேல் ஒரு காப்பிக் கடை திறந்தாள். முப்பத்து நாலு வயது, கெட்டிக்காரி, விழாக் குழுவின் தலைவி. சென்ற வருடம் மே மாதக் கூட்டத்தில் மடிக்கணினியைத் திறந்து ஒரு வரைபடத்தைக் காட்டினாள். மொத்த விழாவும் படகுத்துறைக்குப் போயிருந்தது. சாப்பாட்டு வண்டிகள், யோகா கூடாரம், காதில் கருவியை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் ஆடும் ஆட்டம். மேடை டப்ளினிலிருந்து லாரியில் வருமாம். இரும்பு மேடை.

"என் மேடை என்னாச்சு?" என்று கேட்டேன்.

"அது ரொம்ப நல்ல மேடை, மாலகி. அருங்காட்சியகத்துல கேட்டுப் பாக்கலாமா?" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அப்ப எனக்கு என்ன வேலை?"

"உங்களை விட்டுடுவோமா? கழிப்பறைக்கு வழி காட்டுற போர்டெல்லாம் நீங்கதான் பாத்துக்கணும்."

"எத்தனை அங்குல ஸ்க்ரூ போடலாம்?"

"ஸ்க்ரூ எதுக்குங்க? பிளாஸ்டிக் நாடாவுல ஒரு இழு இழுத்தா போச்சு. பைபாஸ் கடையில நூறு நாடா ஒரே பையில கெடைக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்ததாக ஞாபகம்.

நான் கோபக்காரன் இல்லை. கோபத்தில் எதையும் செய்யவும் இல்லை. ஒரு பொருள் ஓடுகிறது என்றால் அதை எது ஓட்டுகிறது, எதை எடுத்தால் நிற்கும் என்று பார்ப்பது என் பழக்கம். விழாவையும் அப்படித்தான் பிரித்துப் பார்த்தேன். டப்ளின் மேடைக்காரர்களுக்கு அந்த ஒரு வாரக் கடைசிதான் ஒழிவு. அடுத்த வாரம் அவர்கள் கார்க் பக்கம் போகிறார்கள். ஆக, விழா ஒரு வாரம் தள்ளிப்போனால் இரும்பு மேடை இல்லை. மேடை இல்லையென்றால் என் பலகைகள். என் பலகைகள் சதுக்கத்தின் சரிவுக்கு அளவெடுத்து அறுத்தவை, வேறெங்கும் நேராக நிற்காது. மூன்றே மூன்று பல்சக்கரம். முதல் சக்கரத்தைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

விழாவைத் தள்ளிப்போட இந்த ஊரில் ஒரே ஒரு காரணம் செல்லும். கடைத்தெருவைச் சேர்ந்த ஒருவரின் உடல் மண்ணுக்கு மேலே இருக்கும்வரை தெருவில் இசை கூடாது. எண்பத்தேழாம் வருடம் கசாப்புக்கடை டாம் பேட் வியாழக்கிழமை இறந்தார், விழா தள்ளிப்போனது. சவ வண்டி போகும்போது கடைக் கதவைச் சாத்தி விளக்கை அணைக்கிறோமே, அதே மரியாதையின் நீளமான வடிவம் இது.

எனக்கு ஒரு சாவு தேவைப்பட்டது. சத்தமாகச் சொல்லும்போது நன்றாக இல்லை என்பது தெரிகிறது. கணக்காகப் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை.

நாளும் முக்கியம். செவ்வாய்க்கிழமை இறந்தால் வெள்ளிக்குள் அடக்கம் முடிந்துவிடும். வியாழன்தான் சரி. ஆளும் முக்கியம். மதுக்கடை மாஸியைப் பற்றி யோசித்தேன், ஆனால் மாஸி மாடி ஏறுவதே இல்லை. மருந்துக்கடைக்காரருக்குச் சின்னக் குழந்தைகள் இருந்தார்கள், அதனால் அவரை விட்டுவிட்டேன். எனக்கும் மனசாட்சி உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்த நேரத்தில்தான் மிஸ் அட்ராக்டா கூப்பிட்டார். நான் தேடிப் போகவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை மதியம், தெருவைக் குறுக்கே கடந்துபோய்க்கொண்டிருந்த என்னைக் கடை வாசலிலிருந்து கைத்தடியால் அழைத்தார். எண்பத்தேழு வயது. கடைக்கு மேலேயே குடியிருந்தார், தனியாக. காலையில் கால் விறைத்திருக்கும், கைப்பிடியில் முழு எடையையும் சாய்த்துத்தான் இறங்குவார்.

"ஏண்டா மாலகி, உனக்குக் கக்கூஸ் இலாகா குடுத்திருக்காங்களாமே?"

"ஆமாம், மிஸ் கேஹன்."

"பெரிய பதவிதான். எல்லாரும் ஒரு தடவையாவது உன்னைத் தேடி வந்துதானே ஆகணும்." கொஞ்ச நேரம் சிரித்து முடித்துவிட்டு, "மாடிப்படிக் கைப்பிடி ஆடுது. வந்து ஒரு பார்வை பாரு" என்றார்.

பார்த்தேன். பதினாலு படி, செங்குத்து. சுவரோரமாக ஓக் மரக் கைப்பிடி, அதைப் பிடித்துக்கொண்டிருக்க நாலு தாங்கிகள். மேலே இருந்த இரண்டில் ஒன்று லேசாக ஆடியது. ஒரு சுற்று முறுக்கினால் தீர்ந்திருக்கும்.

அந்தக் காலத்துச் சுவர் எப்படி நிற்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், சார்ஜென்ட். வெளியே தெரிவது சுண்ணாம்புப் பூச்சு. அதைத் தாங்குவது மெல்லிய மரப்பட்டிகள். இரண்டும் சேர்ந்து ஓரங்குலக் கனம். பின்னால் வெற்றிடம். ஆனால் பதினாறு அங்குலத்துக்கு ஒருமுறை தடித்த மரச்சட்டம் ஒன்று நிற்கும். சுவரில் எதை மாட்டினாலும் அந்தச் சட்டத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். விரல் முட்டியால் தட்டினால் ஓசை மாறும், அதுதான் அடையாளம். அங்கே மூன்றங்குலத் திருகாணி இறங்க வேண்டும். ஓரங்குலம் போட்டால் அது பூச்சை மட்டும் கவ்வும். பூச்சு ஒரு படத்தைத் தாங்கும். துண்டு காயப்போடும் கம்பியைத் தாங்கும். லேசாக ஆட்டிப் பார்க்கும் கையையும் தாங்கும். கால் தடுமாறி ஓர் ஆள் முழு எடையோடு தொங்கினால் தாங்காது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டின் தலையும் ஒன்றுபோலவே இருக்கும். எது எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பது போட்டவனுக்கு மட்டும்தான் தெரியும்.

மேலிருந்த இரண்டு தாங்கிகளிலும் மும்மூன்று திருகாணிகள். ஆறையும் கழற்றினேன். கடைக்குப் போய் ஓரங்குலத்தில் ஆறு எடுத்துவந்து மாட்டினேன். கீழே அவர் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். இடுப்பெலும்பு மட்டும் முறிந்தால் போதாதா என்றும் அப்போது யோசித்தேன், ஏனென்றால் நான் நியாயமானவன். போதாது. இடுப்பெலும்பு முறிந்தவருக்கு ஊர் எல்லோரும் கையெழுத்துப் போட்ட வாழ்த்து அட்டை அனுப்பும், விழாவை நிறுத்தாது.

தேநீரோடு உலர்பழ ரொட்டியும் வெண்ணெய் தடவிக் கொடுத்தார். இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை காலை தபால்காரர் அவரைப் படியடியில் கண்டார். மிச்சம் உங்கள் கோப்பில் இருக்கும். ஒரே உறவு ஆஸ்திரேலியாவில் இருந்த தங்கை மகள், அவர் திங்கட்கிழமை இரவுதான் வந்துசேர முடியும், அடக்கம் செவ்வாய்க்கிழமை என்று உள்ளூர் வானொலியின் மரண அறிவிப்பில் சொன்னார்கள். நான் ஒரு நாளைத்தான் குறிவைத்திருந்தேன், வாரக் கடைசி மொத்தமும் கிடைத்தது. என் வாழ்க்கையில் வேறெந்த வேலையும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில்லை. அன்று மாலையே கிடங்கைத் திறந்து பலகைகளைத் தூசி தட்டினேன்.

அன்றைக்கே குழு கூடியது. பத்து நிமிடம்தான். மாஸி நாற்பது பீப்பாய் பீர் வரவழைத்திருந்தார். அவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அட்ராக்டா இப்ப எங்க இருக்காங்க?"

"மாவட்ட ஆஸ்பத்திரி சவக்கிடங்குல. செவ்வாய்க்கிழமை நேரா கோயிலுக்குக் கொண்டுவராங்க" என்றாள் கிளீனா.

"முப்பது மைல் தள்ளி. அப்ப நம்ம மண்ணுக்கு மேல இல்லையே?"

யாரும் மறுக்கவில்லை. அந்தக் காலத்தில் உடலை வீட்டில்தான் வைப்பார்கள், அதனால் விதியில் ஊர்ப் பெயரைச் சேர்க்க யாருக்கும் தோன்றியிருக்காது. இயந்திரத்தின் ஒவ்வொரு பல்லையும் எண்ணியவன் நான். அது எந்த மேசை மேல் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

விழா படகுத்துறையில் நடந்தது. ட்ரம்ரோவன் அதுவரை பார்க்காத கூட்டம். கடைத்தெருவின் மூத்தவன் என்ற முறையில் மிஸ் கேஹனுக்காக ஒரு நிமிட மௌனத்தை என்னைத்தான் நடத்தச் சொன்னார்கள். இரும்பு மேடையில் ஏறி நின்றேன். நல்ல மேடைதான், துளி ஆட்டம் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்று ஐம்பத்திரண்டாவது நொடியில் முடித்துவிட்டேன், பதற்றம். கைதட்டினார்கள். கழிப்பறை போர்டுகளும் நன்றாக நின்றன, நாடாவில். செவ்வாய்க்கிழமை சவ வண்டி சதுக்கத்தைக் கடந்தபோது எல்லோரையும் போல நானும் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தேன்.

இதோடு விட்டிருப்பேன். செய்தது பலிக்கவில்லை, இனி பேசி என்ன என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் கழித்து மரண விசாரணை வந்தது. கட்டுமான நிபுணர் என்று ஒரு இளைஞர் அறிக்கை வாசித்தார். 'சுவரின் தன்மையை அறியாத ஒருவர், பொருத்தமற்ற திருகாணிகளைக் கொண்டு, அடிப்படைத் திறனின்றிச் செய்த வேலை.' நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கைப்பிடியை முந்தின நாள் மாட்டியவன் நான் என்று தெரிந்த முழு ஊரும் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அந்த இளைஞர் பழைய துளைக்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்திருந்தால் போதும். சட்டத்துக்குள் மூன்றங்குல ஆழம் இருப்பதும், ஒருகாலத்தில் அங்கே சரியான திருகாணி இருந்ததும் தெரிந்திருக்கும். விடவில்லை. உள்ளூர்ப் பத்திரிகை அந்த வாசகத்தை அப்படியே போட்டது.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. கடையில் பெயின்ட் வாங்குகிறார்கள், பல்பு வாங்குகிறார்கள். எதை எப்படி மாட்டுவது என்று ஒருவரும் கேட்பதில்லை. மாஸி தன் மதுக்கடையில் பெரிய கண்ணாடி மாட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "நல்ல ஆள் யாராவது தெரியுமா, மாலகி?" என்று கேட்டார். என்னிடமே கேட்டார்.

போன செவ்வாய்க்கிழமை கிளீனா எலுமிச்சை கேக்கோடு கடைக்கு வந்தாள்.

"மனசுல வச்சுக்காதீங்க, மாலகி. யாருக்கும் வர்ற தப்புதான்."

"எது தப்பு?"

"அந்த ஸ்க்ரூதான். வயசாகுதில்ல, கண்ணு முன்ன மாதிரி இருக்காது."

என் தோளைத் தட்டினாள். கேக் நன்றாக இருந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன்.

நீங்களும் சற்று முன் நிலைய வாசலில் அதையேதான் சொன்னீர்கள். "வீட்டுக்குப் போங்க, மாலகி. குற்ற உணர்ச்சி மனுஷனை என்னெல்லாமோ பேச வைக்கும்." அதனால்தான் இந்த உறையைக் கொண்டுவந்தேன். திறந்து பாருங்கள். ஆறு திருகாணி, பித்தளை, மூன்றங்குலம். மரையில் சிக்கியிருப்பது அந்தச் சுவரின் பச்சைப் பெயின்ட்டும் சுண்ணாம்பும். நல்ல பித்தளை, எறிய மனம் வரவில்லை. அந்த வீட்டுத் துளைகளில் வைத்து அளந்து பாருங்கள், ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் உட்காரும்.

ஆகவே என் வாக்குமூலத்தை இப்படி எழுதிக்கொள்ளுங்கள். அது தப்பு அல்ல. அந்தச் சுவருக்கு எது வேண்டும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். தெரிந்தே கழற்றினேன், அட்ராக்டா கேஹன் விழுந்து சாக வேண்டும் என்றே ஓரங்குலத்தை மாட்டினேன். அளவுகளை எண்ணால் எழுதினால் நல்லது. பத்திரிகைக்காரர்கள் கேட்பார்கள்.

அவரைப் பற்றி வருத்தமே இல்லையா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது, சார்ஜென்ட், இல்லாமல் இருக்குமா? வேலை முடிந்ததும் மேல்படியில் நின்று, கைப்பிடியை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்து, "நீ மாட்டினா மாட்டினதுதாண்டா, மாலகி" என்றார். அப்படிச் சொல்ல இனி இந்த ஊரில் ஆளே இல்லை.