மாமனார் கையில் கடிகாரம்

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு சாரல் காலம். குற்றாலம் பேரருவியில் குளிக்க நின்ற கூட்டத்தில் எனக்கு முன்னால் இரண்டு பேர். அதில் ஒருவர் தன் கடிகாரத்தைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். ஒரு இடத்தில் நிற்கவில்லை. எக்கி எக்கி அருவியையே பார்த்தார்.

“ஏலே, எங்க மாமனாரு வாட்ச்சோட அருவிக்குள்ள போயிட்டாரு.”

“அது தண்ணி போகாத வாட்ச்சுன்னு நீதானலே சொன்ன?”

“போகாதுதான். கொழும்புல வாங்கின பழைய உருப்படி, ஓடாமக் கெடந்துச்சு. நான்தான் கழட்டித் தொடச்சு ஓட வச்சுக் கொடுத்தேன்.”

“பெறகென்ன?”

“மூடிக் கொடுத்த பெறகு பாக்கேன், மேசையில ஒரு ரப்பர் வளையம் கெடக்கு.”

“அது எதுக்கு?”

“பின்மூடிக்கு உள்ள வைக்கது. அதுதாம்லே தண்ணிய விடாது.”

“அட பாவி! அவருகிட்ட சொல்லியிருக்கலாம்லா?”

“எப்படிலே சொல்லுவேன்? அவரு வீட்டுல இதே மாதிரி பழைய வாட்ச் ஒரு பெட்டி நெறைய இருக்கு. அதப் பாத்ததுல இருந்து எனக்கு உறக்கமில்ல. இது ஒழுங்கா ஓடுனா எல்லாத்தையும் எனக்கே தாரேன்னுட்டாரு.”

அதற்குள் மாமனார் ஈரம் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார். மணிக்கட்டைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்டார்.

“ஓடுது மாப்ளே, நல்லா ஓடுது!”

கடிகாரத்தின் கண்ணாடியைப் பெருவிரலால் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“ஆனா இங்கன பாரும், உள்ளயும்லா சாரல் அடிக்குது.”