திங்கட்கிழமை வரை ஒரு கால்

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஷூ கம்பெனிப் பெண்கள் இருவர். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ, ஜன்னலோரம் இருந்தவள் சொன்னது காதில் விழுந்துவிட்டது.

“செத்தாலும் திங்கக்கெழம சாவுறேன்க்கா. இப்ப பள்ளிகொண்டால எறங்கி வீட்டுக்குப் போறேன்.”

“இன்னாடி பேசுற? ஒத்தக் காலு வீங்கிக் கெடக்கு. ரத்தம் கட்டியிருக்கு, ஒடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னு டாக்டரே சொல்லிட்டாரு.”

“ஞாயித்துக்கெழம எம் மகள பொண்ணு பாக்க வர்றாங்க. அட்மிட் ஆனா, அம்மாக்காரிக்கு யானைக்காலுன்னு ஊரே பேசும்.” அவள் புடவையைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பள்ளிகொண்டா வந்தது. எழுந்தவளை அக்கா கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“கேட்டா, யானைக்காலு எனக்கு, நீ தொணைக்கு வந்தேன்னு சொல்லு. எனக்கு இன்னா, கட்டிக்குடுக்கப் பொண்ணா இருக்கு?”