எங்கள் வீட்டு மொழி

உங்கள் ஊர் மன்றத்து மின்விசிறிக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் இந்தக் கிறீச்சிடல் நின்றுவிடும், கேப்டன். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் ஒன்று கத்திக்கொண்டிருந்தது. நான்தான் நாற்காலி மேல் ஏறி எண்ணெய் விட்டேன். கீழே இறங்குவதற்குள், அதைச் சரிசெய்தது தான்தான் என்று என் கணவன் வென்சி தெருவில் நான்கு பேரிடம் சொல்லிவிட்டான். எனக்கு அதில் வருத்தமில்லை. அவன் சொன்ன விதம் நன்றாக இருந்தது.

ஊர்த் தலைவரான நீங்களும் அவன் பேச்சைக் கேட்டவர்தான். உங்கள் மகள் கல்யாணத்தில் மைக் பிடித்தது அவன். இந்தத் துறைமுக ஊரில் கல்யாணம், ஞானஸ்நானம், சேவல் சண்டை, திருவிழா அழகிப் போட்டி, எதுவானாலும் வென்சியின் குரல் இல்லாமல் நடக்காது. வீட்டுக்கு வந்த பிறகும் அவன் மைக்கைக் கீழே வைத்ததில்லை. நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அவன் முடிப்பான். நாங்கள் முதன்முதலில் சந்தித்த கதையை எல்லா விருந்திலும் சொல்வான். அந்தக் கதையில் நான் மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு படகிலிருந்து இறங்குவேன். என்னிடம் மஞ்சள் கவுன் இருந்ததே இல்லை. ஒருமுறை அதைச் சொல்லியும் பார்த்தேன். "பாருங்க, பெர்லிக்கே ஞாபகம் இல்ல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

தைலம் தடவி வாரிய முடி கலைந்துவிடும் என்று அவன் ஹெல்மெட் போடமாட்டான். பக்கத்து ஊர்த் திருவிழா முடிந்து வரும்போது, சாலையில் உலரப் போட்டிருந்த நெல்லில் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து மூடினார்கள். உயிர் திரும்பி வந்தது. வலது கை பாதி வந்தது. சொற்கள் வரவில்லை. நாம் பேசுவதெல்லாம் அவனுக்குப் புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் வார்த்தை கிடைக்கவில்லை என்று டாக்டர் சொன்னார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஜோனலின் என்று ஒரு பெண் செவ்வாய்க்கிழமைகளில் வீட்டுக்கு வருவாள். நல்ல பெண். "மூளை புதுசா பாதை போட்டுக்கும் அக்கா. நீங்க தினம் பொறுமையா ஒவ்வொண்ணா சொல்லிக் குடுங்க" என்றாள். பொறுமையில் என்னைக் குறை சொல்ல யாராலும் முடியாது.

முதலில் நடந்தது விளையாட்டு, நம்புங்கள். அவன் பூனையைக் காட்டி "அரிசி" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான், அடிபட்ட பிறகு முதல் தடவையாக. அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. பூனை அரிசியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். பிறகு சீப்புக்கு மீன் என்று நான் ஒரு பெயர் வைத்தேன். கதவு குடையானது. இப்படியே வீடு முழுக்கப் புதிதாக ஞானஸ்நானம் செய்தோம்.

பார்க்க வருகிறவர்கள் அவன் பேசியதைக் கேட்டு விழித்துவிட்டு என் பக்கம் திரும்புவார்கள். "என்ன சொல்றாரு?" என்பார்கள். கேப்டன், எங்களுக்குக் கல்யாணமாகி அத்தனை வருஷத்தில், அவன் பேசி முடித்ததும் யாரும் என் பக்கம் திரும்பியதில்லை. பாதிரியார் வந்தபோது வென்சி அவரைப் பார்த்து "குடை, குடை" என்றான். ஆசீர்வாதம் கேட்கிறான் என்றேன். உண்மையில் கதவைத் திறந்து அவரை அனுப்பச் சொன்னான். நீங்கள் பலகாரம் கொண்டுவந்த அன்று உங்களைச் "செருப்பு" என்றானே, அது நன்றிதான். அதில் சந்தேகம் வேண்டாம்.

ஜோனலின் வந்துபோகிற நாள்களில்தான் சிரமம். அவள் சீப்பைச் சீப்பு என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவாள். அவள் தெருமுனை திரும்பியதும் நான் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி மீனாக்குவேன். வாரத்தின் மற்ற நாள்கள் என்னுடையவை. அவன் சரியான சொல்லைச் சொன்னால் எனக்குக் காது கேட்காது. நம் வீட்டுச் சொல்லைச் சொன்னால் உடனே கேட்கும். குழந்தைகளை இப்படித்தான் வளர்க்கிறோம்.

பிறகு அவன் தங்கை அடெல்ஃபா செபு நகரத்திலிருந்து வந்தாள். அங்கே ஒரு பெரிய சிகிச்சை இல்லம் இருக்கிறதாம், அங்கேயே தங்கிப் பயிற்சி எடுக்கலாமாம், இவனைவிட மோசமாக வந்தவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பினார்களாம். நான் குறுக்கே நிற்கவில்லை. அவனையே கேள் என்றேன்.

அவள் அவன் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "அண்ணா, என்கூட செபுவுக்கு வர்றியா?"

"இல்ல" என்றான்.

"அங்க போனா நல்லாப் பேசலாம். நான் தினமும் வந்து பாப்பேன். வர்றியா?"

"இல்ல, இல்ல" என்றான். சொல்லிக்கொண்டே அவளுடைய கைப்பையின் வாரை நல்ல கையால் பிடித்துக்கொண்டான். தலை மேலும் கீழும் ஆடியது.

"அண்ணி, தலைய ஆட்டுறானே" என்றாள் அடெல்ஃபா.

"தலைக்கும் நாக்குக்கும் ஒயர் மாறிப்போச்சும்மா. அவன் வாயால சொல்றதத்தான் கேக்கணும்" என்றேன்.

அவள் அழுதுகொண்டே எழுந்தாள். பையின் வாரிலிருந்து அவன் விரல்களை நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அவனுக்கு வலிக்காதபடி.

எங்கள் வீட்டில் அதற்குள் 'இல்லை' என்றால் 'ஆமாம்' என்று ஆகிவிட்டிருந்தது. அடெல்ஃபாவுக்கு அது எப்படித் தெரியும்? அவள் எங்கள் வீட்டில் வாழ்ந்தவளில்லை.

அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்கத்தான் நாளானது. மற்றவை பொருள்கள், மாற்றிவிடலாம். இது உடம்பிலேயே ஊறின சொல். கஞ்சி வேண்டுமா என்பேன். "ஆமா" என்றால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். கழிப்பறைக்குப் போகவேண்டுமா என்பேன். "ஆமா" என்றால் அப்படியே உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவேன். பிறகு வந்து நான்தான் கழுவிவிடுவேன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஒரு மத்தியானம் அவன் "ஆமா, ஆமா, ஆமா" என்று வெகுநேரம் அழுதான். கண்ணைத் துடைத்துவிட்டேன். அதன் பிறகு, வேண்டும் என்றால் 'இல்ல' என்று சொல்லப் பிடித்துக்கொண்டான்.

அடெல்ஃபா ஊர் திரும்பும் முன் ஜோனலினைப் போய்ப் பார்த்திருக்கிறாள். நான் சந்தையில் மீன் பார்த்துக்கொண்டிருந்தபோது, வராத கிழமையில் ஜோனலின் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் திரும்பியபோது இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சீப்பு, கரண்டி, என் செருப்பு, பூனை. அவள் முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, அடிபட்ட மூளை இன்னிக்கு ஒரு தப்பு பண்ணும், நாளைக்கு வேற தப்பு பண்ணும். இவர் எத்தனை தடவ கேட்டாலும் ஒரே தப்பத்தான் பண்றாரு. இது யாரோ சொல்லிக் குடுத்தது" என்றாள்.

நான் மறுக்கவில்லை. கெட்டிக்காரப் பெண்ணிடம் மறுப்பது மரியாதையில்லை. மீனை அலசி வைத்துவிட்டு வந்து, எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கினேன். எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் என்று கேட்டாள். அத்தனையும் சொன்னேன். என்னிடம் யாரும் அவ்வளவு நேரம் பேச்சுக் கேட்டதில்லை, நடுவில் ஒரு வார்த்தைகூடக் குறுக்கிடாமல்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அடெல்ஃபா உங்களிடம் புகார் கொடுத்தாள், அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனாள். கொடுமை என்று அவள் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அவள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவனைப் பட்டினி போட்டேன் என்பது சரியில்லை. சரியாகச் சொன்ன நாளெல்லாம் வயிறு நிறையச் சாப்பிட்டான்.

கப்பல் புறப்படும் முன் துறையில் அவனிடம் ஒரு வார்த்தை பேச அனுமதித்தார்கள். பக்கத்தில் அடெல்ஃபாவும் ஜோனலினும் காவலுக்கு நிற்பது போல நின்றார்கள். சக்கர நாற்காலியின் முன் குனிந்து அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தேன்.

"வென்சி, குணமானதும் நம்ம வீட்டுக்கு, எங்கிட்ட திரும்பி வருவியா?"

அவன் என்னை நன்றாகப் பார்த்தான். முகத்தில் ஒரு குழப்பமும் இல்லை. பிறகு மைக் பிடித்த காலத்துக் குரலில், துறையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சொன்னான்.

"ஆமா."

அடெல்ஃபா வாயைப் பொத்திக்கொண்டாள். ஜோனலின் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள், ஏனென்று தெரியவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், கேப்டன். எல்லாவற்றையும் செய்தது நான்தான், தெரிந்தேதான் செய்தேன், எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவன் திரும்பி வருவதாகச் சொன்னதையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள். ஆமாம் என்றால் ஆமாம்தான், அதற்கு யாரும் வேறு அர்த்தம் சொல்ல முடியாது.